யுஎஸ்பி7: யுபிகுயிட்டினைக் கழற்றும் நொதியைச் சோதனைக் குழாயிலிருந்து செல் வரை அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

யுஎஸ்பி7 என்ற நொதி பற்றி 2002-இல் வந்த பெரிய செய்தி, புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தின் மேல் அழிவுக்கான அடையாளமாக ஒட்டிய யுபிகுயிட்டின் என்ற சின்னப் புரதத்தை அது கழற்றி, பி53 அழியாமல் காப்பாற்றுகிறது என்பது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வெய் கூ குழு கண்டது. அப்படியானால் யுஎஸ்பி7-ஐ எடுத்துவிட்டால் பி53 குறைய வேண்டும் இல்லையா? 2004-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு பெருங்குடல் புற்றுநோய் செல்களில் அந்த மரபணுவையே நீக்கிப் பார்த்தது. பி53 குறையவில்லை, கூடியது. அதே ஆண்டு வெய் கூ குழுவும் இதைச் சொன்னது: யுஎஸ்பி7-ஐக் கொஞ்சம் குறைத்தால் பி53 குறைகிறது, கிட்டத்தட்ட முழுதாக ஒழித்தால் பி53 ஏறுகிறது.

காரணம் எம்டிஎம்2. பி53-இன் மேல் யுபிகுயிட்டினை ஒட்டி அதை அழிவுக்கு அனுப்பும் புரதம் அது. தன் மேலேயே யுபிகுயிட்டினை ஒட்டிக்கொண்டு தானும் அழியும். யுஎஸ்பி7 அந்த எம்டிஎம்2-ஐயும் காப்பாற்றுகிறது, அதுவும் பி53-ஐவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு. ஆகவே யுஎஸ்பி7 போனால் முதலில் விழுவது எம்டிஎம்2, அது விழுந்ததும் பி53 எழுகிறது.

இந்தக் கதையை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. யுபிகுயிட்டினைக் கழற்றும் நொதிகளை, அதாவது டப் என்று சுருக்கமாகச் சொல்லும் டியூபிகுயிட்டினேஸ்களை, ஒரே ஒரு சோதனையை வைத்து எடைபோட முடியாது. குழாயில் பார்த்தது செல்லில் நடக்காமல் போகும், செல்லில் தெரிவது நேரடி விளைவாக இல்லாமல் மூன்றாவது புரதத்தின் வழியாக வந்ததாக இருக்கும். அதனால் இந்த வழிகாட்டி தூய நொதி, செல் சாறு, உயிருள்ள செல் என்று ஒவ்வொரு அடுக்காகப் போகிறது. உயிர்வேதியியலில் முதுகலை முடித்தவர்களையும் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்குகிறவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு டப் ஒன்றை எடுத்திருந்தாலும் பெரும்பாலான படிகள் பொருந்தும்.

படி 1: கையில் இருக்கும் நொதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

யுபிகுயிட்டின் 76 அமினோ அமிலங்கள் கொண்ட, ஏறத்தாழ 8.5 கிலோடால்டன் எடையுள்ள சின்னப் புரதம். அதன் கடைசி கிளைசின், அதாவது 76-ஆவது, இன்னொரு புரதத்தின் லைசினோடு ஐசோபெப்டைடு பிணைப்பில் சேர்கிறது. யுபிகுயிட்டினிலேயே ஏழு லைசின்கள் இருப்பதால் (6, 11, 27, 29, 33, 48, 63) ஒன்றின் மேல் ஒன்றாகச் சங்கிலியும் வளரும், முதல் மெத்தியோனின் வழியாகவும் வளரும். 48 வழியாக வளர்ந்த சங்கிலி பெரும்பாலும் புரோட்டியாசோமுக்கு, அதாவது செல்லில் புரதங்களை அழிக்கும் இயந்திரத்துக்கு, அனுப்பும் அடையாளம். இந்த அழிவுப் பாதையைக் கண்டதற்காகத்தான் சீக்கானோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதனில் டப்கள் சுமார் நூறு. ஜாம் குடும்பம் மட்டும் துத்தநாகத்தை வைத்து வேலை செய்கிறது, மற்றவை எல்லாம் சிஸ்டீன் புரோட்டியேஸ்கள். இந்த ஒரு வேறுபாட்டை மறக்காதீர்கள், கீழே வரும் பாதிச் சோதனைகள் சிஸ்டீன் இருந்தால்தான் வேலை செய்யும். யுஎஸ்பி7 இருப்பது யுஎஸ்பி குடும்பத்தில், ஐம்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு டப்களில் மிகப் பெரிய குடும்பம் அது.

யுஎஸ்பி7 1102 அமினோ அமிலங்கள் நீளம், எடை சுமார் 128 கிலோடால்டன். 1997-இல் ராஜர் எவரெட் குழு கிளாஸ்கோவில் அதை அடையாளம் கண்டபோது அது பி53-க்காகக் கிடைக்கவில்லை. ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் ஐசிபி0 புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது, அதனால்தான் அதற்கு ஹாஸ்ப் (ஹெர்ப்பிஸ் வைரஸோடு சேர்ந்த யுஎஸ்பி) என்று இன்னொரு பெயர். எப்ஸ்டைன்-பார் வைரஸின் ஈபிஎன்ஏ1 புரதமும் இதே நொதியைத்தான் பிடிக்கிறது. வெவ்வேறு வைரஸ்கள் தேடிப் பிடிக்கும் ஒரு நொதி செல்லின் முக்கியமான முடிச்சில் உட்கார்ந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

அமைப்பைப் பாருங்கள். முன்பகுதியில் டிராஃப் போன்ற டொமைன் (தனியாக மடியும் புரதப் பகுதி), சப்ஸ்ட்ரேட்டுகளை, அதாவது நொதி வேலை செய்யும் புரதங்களை, பிடிக்கும் இடங்களில் முக்கியமானது. பி53, எம்டிஎம்2, ஈபிஎன்ஏ1 மூன்றும் இங்கே ஒரே பள்ளத்தில்தான் வந்து அமர்கின்றன. அதற்கு அடுத்து, ஏறத்தாழ 208 முதல் 560 வரை, வெட்டும் டொமைன். அப்புறம் யுபிகுயிட்டினைப் போலவே மடிந்த ஐந்து டொமைன்கள் வரிசையாக, கடைசியில் ஒரு குட்டி வால். வெட்டுகிற வேலையை 223-ஆவது சிஸ்டீன், 464-ஆவது ஹிஸ்டிடின், 481-ஆவது அஸ்பார்ட்டேட் மூன்றும் சேர்ந்து செய்கின்றன.

இதில் அழகான ஒரு விஷயம் உண்டு. பிரின்ஸ்டனில் யிகோங் ஷி குழு 2002-இல் வெளியிட்ட படிக அமைப்பில், யுபிகுயிட்டின் இல்லாதபோது அந்த மூன்றும் வேலைக்கு ஏற்ற நிலையிலேயே இல்லை, சிஸ்டீனும் ஹிஸ்டிடினும் விலகி நிற்கின்றன. யுபிகுயிட்டின் வந்து பிணைந்ததும்தான் சரியான இடத்துக்கு வருகின்றன. அதாவது தனியாக வெட்டி எடுத்த டொமைன் தூங்கிக்கொண்டிருக்கும் நொதி. அதை எழுப்புவது வால் பகுதியும் அதற்கு முந்தைய டொமைன்களும். 2011-இல் நெதர்லாந்தில் டிட்டியா சிக்ஸ்மா குழு இதை விரிவாகக் காட்டியது, ஜிஎம்பி சிந்தட்டேஸ் என்ற வேறொரு நொதி வந்து பிணைந்தால் இந்த விழிப்பு இன்னும் நிலைக்கிறது என்பதையும் சேர்த்து.

படி 2: எந்தத் துண்டு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

பலரும் வெட்டும் டொமைனை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். சின்னது, ஈ. கோலையில் நன்றாக வரும், படிகமாகவும் ஆகும். ஆனால் முழு நீள நொதியைவிட அதன் வேகம் பல மடங்கு குறைவு. தடுப்பான்களை ஆரம்ப நிலையில் சலிக்கவோ படிக அமைப்பு எடுக்கவோ வேண்டுமென்றால் இது போதும். இயக்கவியல் எண்களை அறிவிக்கவோ, நோயாளியிடம் கண்ட மாற்றம் ஒன்றின் விளைவை அளக்கவோ வேண்டுமென்றால் முழு நீளம் இல்லாமல் இறங்காதீர்கள், ஏனென்றால் வாலில் இருக்கும் ஒரு மாற்றம் வெட்டும் டொமைனில் தெரியவே தெரியாது.

எந்தத் துண்டை எடுத்தாலும் கூடவே செயலற்ற மியூட்டன்ட் (அமினோ அமிலம் ஒன்றை மாற்றி முடக்கிய நொதி) ஒன்றையும் அதே நாளில், அதே முறையில் தயாரியுங்கள். வழக்கமாக 223-ஆவது சிஸ்டீனை அலனினாகவோ செரினாகவோ மாற்றுவார்கள். இந்த அலனின் மியூட்டன்டில் ஒரு பொறி இருக்கிறது. சில டப்களில் சிஸ்டீனை அலனினாக மாற்றினால் நொதி செத்துப்போவது உண்மை, ஆனால் யுபிகுயிட்டினை முன்னைவிட மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் புரதமாக அது மாறிவிடுகிறது. குழாய்ச் சோதனையில் இதனால் பெரிய தொல்லை இல்லை. செல்லில் அதிகமாக உற்பத்தி செய்தால் யுபிகுயிட்டின் சங்கிலிகளையெல்லாம் மூடிப் பிடித்துக்கொண்டு, வேறு டப்களும் வெட்டவிடாமல், நொதியை நீக்கியதற்கும் சம்பந்தமில்லாத ஒரு விளைவைக் காட்டும். செல் சோதனைக்கு அதே சிஸ்டீனை ஆர்ஜினினாக மாற்றிய மியூட்டன்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

படி 3: நொதியைத் தயாரித்தல்

வெட்டும் டொமைனுக்கு வழக்கமான பெட் வகை பிளாஸ்மிட், பிஎல்21 டிஇ3 செல்கள். 37 டிகிரியில் வளர்த்து, ஓடி (வளர்ப்பின் கலங்கல் அளவு) 0.6 முதல் 0.8 வந்ததும் 18 டிகிரிக்கு இறக்கி, புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜி 0.2 மில்லிமோலார் அளவில் போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். முழு நீளத்தையும் ஈ. கோலையில் எடுக்க முடியும், ஆனால் இடையிடையே உடைந்த துண்டுகள் வரும், பூச்சி செல்களில் எடுத்தால் தொல்லை குறைவு.

நிக்கல் ரெசினில் பிடித்து, அயனிப் பரிமாற்ற ரெசினில் ஓட்டி, கடைசியில் ஜெல் ஃபில்ட்ரேஷன். எந்தப் படியையும் விடாதீர்கள், குறிப்பாகக் கடைசிப் படியை, திரண்டுபோன புரதம் அளவீட்டில் நொதிபோல் எண்ணப்படும் ஆனால் வெட்டாது. பஃபரில் தயோலை (சிஸ்டீனின் கந்தகத் தொகுதியை) ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கும் டிடிடி, டிசிஇபி போன்ற பொருள் எப்போதும் இருக்க வேண்டும். நிக்கல் படியில் டிடிடி அதிகமாகப் போட்டால் நிக்கல் ஒடுங்கி ரெசின் பழுப்பாகிவிடும், அங்கே டிசிஇபி குறைந்த அளவில் போதும். கடைசிப் பஃபரில் 1 மில்லிமோலார் டிசிஇபி, 10% கிளிசரால், சின்னச் சின்னக் குழாய்களாகப் பிரித்து திரவ நைட்ரஜனில் உறையவைத்து மைனஸ் 80 டிகிரியில். ஒருமுறை உருக்கியதை மறுபடி உறையவைக்காதீர்கள்.

ஈ. கோலையில் சொந்தமாக யுபிகுயிட்டின் கிடையாது என்பதால் அசுத்தமாக வேறு டப் ஒட்டி வர வாய்ப்பு குறைவு என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடுவார்கள். பாக்டீரியாவிலும் யுபிகுயிட்டினை வெட்டக்கூடிய புரோட்டியேஸ்கள் உண்டு, பூச்சி செல்களில் டப்களுக்குப் பஞ்சமே இல்லை. நீங்கள் காணும் வேகம் உங்கள் நொதியுடையதுதான் என்பதற்குச் சான்று அதே முறையில் தயாரித்த செயலற்ற மியூட்டன்ட்தான், அதில் வேகம் பூஜ்ஜியத்துக்கு அருகில் வர வேண்டும்.

யுபிகுயிட்டினையும் நீங்களே தயாரித்தால் ஒரு குறிப்பு. அதில் டிரிப்டோஃபேன் இல்லை, ஒரே ஒரு டைரோசின்தான். 280 நானோமீட்டரில் அளந்தால் மிகக் குறைவாகக் காட்டும், கொஞ்சம் அசுத்தம் இருந்தாலும் எண் இரண்டு மடங்காகத் தெரியும். பிசிஏ முறையில் அளவிடுங்கள்.

படி 4: முதல் அளவீடு, ஒளிரும் சப்ஸ்ட்ரேட்

யுபிகுயிட்டினின் கடைசி கிளைசினில் ஒரு சாயத்தை ஒட்டியிருப்பார்கள், நொதி அதை வெட்டினால் சாயம் விடுபட்டு ஒளிரும். ஏஎம்சி சாயம் பழையது, 350 முதல் 380 நானோமீட்டரில் தூண்டி 440 முதல் 460-இல் பார்க்க வேண்டும், இந்தப் பகுதியில் மருந்து மூலக்கூறுகள் பலவும் தானாகவே ஒளிரும். ரோடமைன் 110 சாயம் 485-இல் தூண்டி 535-இல் பார்ப்பது, அந்தத் தொல்லை குறைவு. விலையைத் தாங்க முடிந்தால் ரோடமைன்தான் என் தேர்வு.

பஃபர் 50 மில்லிமோலார் ஹெப்பிஸ், பிஎச் 7.5, 100 மில்லிமோலார் உப்பு, 1 மில்லிமோலார் டிசிஇபி, மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பிஎஸ்ஏ. பிஎஸ்ஏ இல்லாவிட்டால் நானோமோலார் அளவிலுள்ள நொதி பிளேட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு காணாமல் போகும், டுவீன் 20 கொஞ்சம் சேர்த்தாலும் சரி. கறுப்பு 384 குழி பிளேட். முழு நீள நொதியை ஒற்றை இலக்க நானோமோலாரில் தொடங்குங்கள், வெட்டும் டொமைனுக்கு 50 முதல் 100 நானோமோலார் தேவைப்படலாம். சப்ஸ்ட்ரேட் 200 முதல் 500 நானோமோலார். நிமிடத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் படியுங்கள்.

எண்ணை எடுப்பதில்தான் கவனம் வேண்டும். சப்ஸ்ட்ரேட்டில் பத்து சதவீதத்துக்குக் குறைவாக வெட்டுப்பட்டிருக்கும் ஆரம்பப் பகுதியின் சாய்வை மட்டும் எடுங்கள். நொதியை இரட்டிப்பாக்கினால் சாய்வும் இரட்டிப்பாக வேண்டும், ஆகவில்லை என்றால் மேலே போகாதீர்கள். சாயத்தைத் தனியாகக் கரைத்து ஒரு தரவளைவு போட்டு, ஒளிர்வு எண்களை மோலாக மாற்றுங்கள், ஒவ்வொரு கருவிக்கும் ஒளிர்வு அலகு வேறு என்பதால் அதை அப்படியே வெளியிடுவதில் யாருக்கும் பயனில்லை.

இந்த நொதிக்கு கேஎம் (பாதி உச்ச வேகம் வரும் சப்ஸ்ட்ரேட் அளவு) பத்துக்கணக்கான மைக்ரோமோலாரில் இருக்கிறது, அந்த அளவுக்குச் சப்ஸ்ட்ரேட் போட்டால் காசும் தாங்காது, ஒளிர்வே ஒளிர்வை விழுங்கவும் செய்யும். அதனால் சப்ஸ்ட்ரேட் கேஎம்-ஐவிட மிகக் குறைவாக இருக்கும் நிலையில் கேகேட்டை (ஒரு நொதி மூலக்கூறின் உச்ச வேகத்தை) கேஎம்-ஆல் வகுத்த விகிதத்தை மட்டும் அறிவிப்பது நேர்மையான வழி. அரைகுறை வளைவில் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

படி 5: உண்மையான சங்கிலியை வெட்டவையுங்கள்

சாயம் ஒட்டிய யுபிகுயிட்டின் இயற்கையில் கிடையாது. அதனால் அடுத்து இரட்டை யுபிகுயிட்டின் அல்லது நான்கு கண்ணிச் சங்கிலி. 1 முதல் 2 மைக்ரோமோலார் சங்கிலி, 50 முதல் 100 நானோமோலார் நொதி, 37 டிகிரி, 0, 5, 15, 30, 60, 120 நிமிடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எஸ்டிஎஸ் சாயத்தில் நிறுத்துங்கள். ஜெல்லில் 34 கிலோடால்டன் அருகில் இருந்த பேண்ட் மறைந்து 25, 17, கடைசியில் 8.5 வரும்.

யுஎஸ்பி7 சங்கிலி வகையில் அவ்வளவு கறார் இல்லை, 48, 63, 11 மூன்றையும் வெட்டும், மெத்தியோனின் வழிச் சங்கிலியில் மட்டும் தடுமாறும். உங்கள் நொதி 48-ஐ மட்டும் வெட்டி 63-ஐத் தொடவில்லை என்றால் புதிய கண்டுபிடிப்பு என்று குதிக்கும் முன் சங்கிலியின் தரத்தைச் சோதியுங்கள்.

இதில் வெஸ்டர்ன் பிளாட்டை நம்பாதீர்கள், ஜெல்லை நேரடியாகச் சாயமிடுங்கள், வெள்ளிச் சாயம் நன்றாக இருக்கும். ஆன்டிபாடிகள் நீளமான சங்கிலியைப் பலமாகவும் ஒற்றை யுபிகுயிட்டினைப் பலவீனமாகவும் பிடிப்பதால், வெட்டு நடந்ததும் மொத்த யுபிகுயிட்டினே குறைந்துவிட்டது போலத் தோன்றும். பிளாட் போட்டே ஆக வேண்டும் என்றால் 0.2 மைக்ரோமீட்டர் துளையுள்ள பிவிடிஎஃப் தாளை எடுத்து, மாற்றி முடித்ததும் தாளை அரை மணி நேரம் வெந்நீரில் கொதிக்கவிடுங்கள், ஒற்றை யுபிகுயிட்டின் நன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். எஃப்கே2 ஆன்டிபாடி தனித்து இருக்கும் யுபிகுயிட்டினைப் பிடிக்கவே பிடிக்காது, பி4டி1 பிடிக்கும், எதை வாங்குகிறோம் என்று பார்த்து வாங்குங்கள்.

படி 6: தடுப்பான்களைச் சோதித்தல்

ஆரம்ப காலத்தில் வந்த பி5091, பி22077 போன்றவை சிஸ்டீனோடு வினைபுரியும் மூலக்கூறுகள், வேறு டப்களையும் தொட்டன. 2017-இல் ஒரே நேரத்தில் நேச்சர் இதழில் இரண்டு குழுக்களின் வேலை வந்தது, நிலைமை மாறியது. எஃப்டி671 சிஸ்டீனோடு பிணைப்பு போடாமல் பக்கத்துப் பள்ளத்தில் அமர்கிறது, எஃப்டி827 223-ஆவது சிஸ்டீனோடு நிரந்தரமாகப் பிணைகிறது, ஜிஎன்இ-6640, ஜிஎன்இ-6776 இரண்டும் சிஸ்டீனிலிருந்து தள்ளி உட்கார்ந்து யுபிகுயிட்டின் அமர்வதைத் தொந்தரவு செய்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பழைய பி வரிசையை வைத்து செல்லில் முடிவுக்கு வர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

நொதியோடு தடுப்பானை முப்பது நிமிடம் வைத்துவிட்டு அப்புறம் சப்ஸ்ட்ரேட் சேருங்கள். டிஎம்எஸ்ஓ எல்லாக் குழிகளிலும் ஒரே அளவு, ஒரு சதவீதத்துக்குக் கீழ். அதே சோதனையை ஐந்து நிமிடம் வைத்தும் இரண்டு மணி நேரம் வைத்தும் செய்து பாருங்கள். நேரம் கூடக்கூட ஐசி50 (நொதியின் வேகத்தைப் பாதியாக்கும் தடுப்பான் அளவு) இறங்கிக்கொண்டே போனால் நிரந்தரப் பிணைப்பு அல்லது மெதுவான பிணைப்பு, அப்போது ஐசி50 என்ற எண்ணுக்கே அர்த்தம் குறைவு, வேக மாறிலியைக் கணக்கிட வேண்டும்.

டிடிடி பற்றி இங்கே எச்சரிக்கை. குயினோன் போன்ற சில மூலக்கூறுகள் டிடிடி-யோடு மாறி மாறி ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். அது வெட்டும் சிஸ்டீனை ஆக்சிஜனேற்றி நொதியை முடக்கும், நீங்கள் நல்ல தடுப்பான் கிடைத்தது என்று நினைப்பீர்கள். கொஞ்சம் கேட்டலேஸ் சேர்த்ததும் தடுப்பு மறைந்தால் அந்த மூலக்கூறைத் தூக்கிப் போடலாம். சலித்ததில் கிடைத்த ஒவ்வொன்றையும் டிரைட்டான் என்ற டிடர்ஜென்ட் சேர்த்தும் சேர்க்காமலும் பாருங்கள், திரண்டு நொதியை விழுங்கும் மூலக்கூறுகள் அதில் மாட்டும். அப்புறம் வேறு இரண்டு மூன்று டப்கள்மேல் சோதியுங்கள், உதாரணமாக யுஎஸ்பி குடும்பத்திலிருந்து ஒன்று, யுசிஎச் குடும்பத்திலிருந்து ஒன்று.

படி 7: செல் சாறில், செயல்படும் நொதியைக் கொக்கி போட்டுப் பிடித்தல்

இதுதான் டப் ஆய்வில் மிக அழகான கருவி. யுபிகுயிட்டினின் கடைசியில் வினைபுரியும் ஒரு முனையை வைத்திருப்பார்கள் (புரொபார்ஜில் அமைடு அல்லது வைனில் சல்ஃபோன்), முன்னால் எச்ஏ என்ற அடையாளம். செயல்படும் சிஸ்டீன் டப் அதைக் கடிக்கப் போனால் அதிலேயே நிரந்தரமாக மாட்டிக்கொள்ளும். ஜெல்லில் அந்த டப் சுமார் 8 முதல் 10 கிலோடால்டன் மேலே ஏறி நிற்கும். செத்த நொதி ஏறாது. துத்தநாகத்தை நம்பும் ஜாம் குடும்பமும் ஏறாது.

செல்லை உடைக்கும்போது இங்கே மட்டும் சிஸ்டீனை அடைக்கும் என்இஎம் (என்-எத்தில்மாலிமைடு) போடக் கூடாது, போட்டால் எல்லாச் சிஸ்டீனும் அடைபட்டுவிடும். 50 மில்லிமோலார் டிரிஸ் பிஎச் 7.4, 5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 250 மில்லிமோலார் சுக்ரோஸ், 1 மில்லிமோலார் டிடிடி, மென்மையான டிடர்ஜென்ட் கொஞ்சம். 25 மைக்ரோகிராம் சாறு, 1 மைக்ரோமோலார் கொக்கி, 37 டிகிரி. யுஎஸ்பி7 ஆன்டிபாடியால் பிளாட் போட்டால் இரண்டு பேண்ட் தெரிய வேண்டும். 130-க்கும் 138-க்கும் இடையே பிரிப்பது சாதாரண ஜெல்லில் கஷ்டம், 6% ஜெல்லில் நீண்ட நேரம் ஓட்டுங்கள்.

தடுப்பான் உயிருள்ள செல்லுக்குள் போய் யுஎஸ்பி7-ஐப் பிடித்ததா என்று பார்க்க, செல்லுக்கு மருந்து கொடுத்து, கழுவி, உடைத்து, கொக்கியைக் குறுகிய நேரத்துக்கு மட்டும் விடுங்கள், ஐந்து நிமிடமே போதும். எஃப்டி671 போல நிரந்தரப் பிணைப்பு இல்லாத மூலக்கூறு, சாறு நீர்த்துப்போகும்போது விலகிவிடும், கொக்கி மெல்ல மெல்ல அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் விட்டால் மருந்து வேலையே செய்யவில்லை என்று தவறாக எழுதுவீர்கள். சாறைக் கெட்டியாகவே வைத்துக்கொள்வதும் உதவும்.

படி 8: செல்லில் என்ன ஆகிறது

ஆரம்பத்தில் சொன்ன பி53 குழப்பம் இங்கேதான் உங்கள் மேசைக்கு வரும். எச்சிடி116 என்ற பெருங்குடல் புற்றுநோய் செல்லில் பி53 உள்ளது, பி53 நீக்கியது என்று ஜோடியாகக் கிடைக்கிறது, இரண்டையும் சேர்த்தே வளருங்கள். மருந்து கொடுத்து 0, 1, 2, 4, 8, 24 மணி நேரத்தில் எம்டிஎம்2, பி53, பி53 இயக்கும் பி21 மூன்றையும் பாருங்கள். 24 மணி நேரம் மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். எம்டிஎம்2 மரபணுவை இயக்குவதே பி53 என்பதால், முதலில் எம்டிஎம்2 விழுந்து, பி53 எழுந்து, அந்த பி53 மறுபடி எம்டிஎம்2-ஐ உற்பத்தி செய்யவைக்கும். கடைசி நேரப்புள்ளியில் எம்டிஎம்2 கூடியிருப்பதைப் பார்த்து, யுஎஸ்பி7 எம்டிஎம்2-ஐக் காப்பதே இல்லை என்று முடிவுக்கு வந்துவிட முடியும்.

யுஎஸ்பி7 காப்பாற்றும் இன்னொரு புரதமான டிரிம்27-ஐயும் சேர்த்துப் பாருங்கள். பி53 இருந்தாலும் இல்லாவிட்டாலும் யுஎஸ்பி7 தடுக்கப்பட்டால் அது விழும், அதனால் மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு நல்ல அடையாளம்.

எஸ்ஐஆர்என்ஏ (ஒரு மரபணுவின் புரத உற்பத்தியைக் குறைக்கும் குட்டி ஆர்என்ஏ) பயன்படுத்தினால் யுஎஸ்பி7 எவ்வளவு குறைந்தது என்பதை எண்ணாக எழுதுங்கள். ஓரளவு குறைந்தால் ஒரு விளைவு, கிட்டத்தட்ட முழுதாகக் குறைந்தால் எதிர் விளைவு என்பது இந்த நொதியில் வெறும் சாத்தியம் அல்ல, 2004-லேயே பார்த்தாகிவிட்டது. குறைந்தது இரண்டு வெவ்வேறு எஸ்ஐஆர்என்ஏ, அப்புறம் அதற்கு மசியாத யுஎஸ்பி7-ஐத் திருப்பிக் கொடுத்து விளைவு மீள்கிறதா என்று பார்த்தல், அதையே செயலற்ற மியூட்டன்டோடும்.

ஒரு புரதத்தின் மேல் யுபிகுயிட்டின் கூடியதா என்று பார்க்கும் சோதனையில்தான் அதிகத் தவறு நடக்கிறது. செல்லை உடைத்த நொடியில் எல்லா டப்களும் வேலையைத் தொடரும். பஃபரில் 10 முதல் 20 மில்லிமோலார் என்இஎம், அன்றைக்கே புதிதாகக் கரைத்தது, தண்ணீரில் அது சிதையும். அதே பஃபரில் டிடிடி இருந்தால் என்இஎம்-ஐ அது தின்றுவிடும். ஜாம் குடும்பத்துக்கு 1,10-பினாந்த்ரோலின். இதைவிட உறுதியான வழி, ஹிஸ்டிடின் அடையாளம் கொண்ட யுபிகுயிட்டினைச் செல்லில் வைத்து, 6 மோலார் குவானிடினில் உடைத்து, நிக்கல் ரெசினில் பிடிப்பது. அங்கே எந்த நொதியும் மடிந்த நிலையில் இருக்காது, கூட ஒட்டிவரும் புரதங்களும் உதிர்ந்துவிடும். சாதாரண இம்யூனோபிரிசிபிட்டேஷனில் (ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்தெடுப்பதில்) தெரியும் யுபிகுயிட்டின் புகைமூட்டம் உங்கள் புரதத்தின் மேல் இருப்பதா, அதோடு ஒட்டிவந்த பக்கத்துப் புரதத்தின் மேல் இருப்பதா என்று சொல்லவே முடியாது.

புரோட்டியாசோமைத் தடுக்கும் எம்ஜி132 தேவைதான், இல்லாவிட்டால் யுபிகுயிட்டின் ஏறிய பி53 அழிந்து போய்விடும். 10 மைக்ரோமோலார், நான்கு மணி நேரம். அதற்கு மேல் போனால் செல்லில் தனி யுபிகுயிட்டினே தீர்ந்துபோகும். அப்புறம், எம்ஜி132 போட்ட செல்லில் புரதத்தின் மொத்த அளவை ஒப்பிடாதீர்கள், அழிவையே நிறுத்திவிட்ட பிறகு அளவில் வித்தியாசம் தெரியாது. அளவுக்குத் தனி பிளேட், புதுப் புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடு போட்டு.

பி53 இல்லாத செல்லிலும் யுஎஸ்பி7 தடுப்பான் செல்லைப் பாதிக்கும், ஆச்சரியப்படாதீர்கள். யுஎஸ்பி7 இல்லாத எலிக் கரு ஆரம்ப நாட்களிலேயே இறக்கிறது, பி53-ஐயும் சேர்த்து நீக்கினாலும் கொஞ்ச காலம்தான் கூடுதலாக வாழ்கிறது.

படி 9: நிறை நிறமாலையியல் (மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி)

எந்தெந்தப் புரதத்தில் எந்த லைசினில் மாற்றம் என்று மொத்தமாகத் தெரிய வேண்டுமென்றால் இதுதான் வழி. டிரிப்சின் வெட்டிய பிறகு யுபிகுயிட்டின் இருந்த லைசினில் இரண்டு கிளைசின் மிஞ்சும், 114.04 டால்டன் கூடுதல், அதைப் பிடிக்கும் ஆன்டிபாடி கிடைக்கிறது. இரண்டு எச்சரிக்கை போதும்: யுபிகுயிட்டினைப் போன்ற புரதங்களான நெட்8, ஐஎஸ்ஜி15 இரண்டும் இதே எச்சத்தைத்தான் விடும், அப்புறம் அயடோஅசிட்டமைடு லைசினில் இரண்டு முறை ஏறினால் அதே எடை வரும், அதனால் குளோரோஅசிட்டமைடு பயன்படுத்துங்கள். மருந்து கொடுத்து மிகக் குறுகிய நேரத்திலேயே செல்லை எடுங்கள், நேரம் போகப் போகப் பி53 இயக்கும் மரபணுக்களின் விளைவு எல்லாவற்றையும் மூடிவிடும்.

படி 10: நோயாளியிடம் கண்ட மாற்றம் என்றால்

யுஎஸ்பி7 மரபணுவின் ஒரு நகல் மட்டும் கெட்டாலே போதும், ஹாவ்-ஃபவுண்டன் நோய்க்குறி வருகிறது. 2015-இல் முதலில் விவரிக்கப்பட்டது: பேச்சு தாமதம், அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், சிலருக்கு வலிப்பு. அங்கே தெரிந்த பாதை பி53-உடையது அல்ல. மேஜ்-எல்2, டிரிம்27 இரண்டோடும் யுஎஸ்பி7 சேர்ந்து, செல்லுக்குள் புரதங்களைத் திருப்பி அனுப்பும் வாஷ் என்ற தொகுதியின் மேல் யுபிகுயிட்டின் அளவைச் சரியாக வைத்திருக்கிறது.

மரபணுச் சோதனையில் ஓர் அமினோ அமில மாற்றம் வந்து, அது நோய்க்குக் காரணமா இல்லையா தெரியாமல் ஒரு குடும்பம் காத்திருக்கும் நிலையில், உங்கள் ஆய்வகம் உதவ முடியும். முழு நீள நொதியில் அந்த மாற்றத்தை வைத்து, முதலில் வெப்பத்தில் எப்போது குலைகிறது என்று பாருங்கள், வெட்டும் வேகம் சரியாக இருந்தும் புரதமே நிலைக்காமல் போகலாம். அடுத்து ரோடமைன் சோதனை, சங்கிலிச் சோதனை. மாற்றம் டிராஃப் டொமைனில் இருந்தால் இவை இரண்டும் சாதாரணமாகவே வரும், அங்கே எம்டிஎம்2 பெப்டைடோடு பிணைப்பை அளக்க வேண்டும். கடைசி டொமைன்களில் இருந்தால் டிரிம்27-ஐயும் ஜிஎம்பி சிந்தட்டேஸையும் பிடிக்கிறதா என்று சோதியுங்கள். அதற்கு அப்புறம் யுஎஸ்பி7 நீக்கிய செல்லில் இயல்பான அளவில் திருப்பிக் கொடுத்து டிரிம்27 மீள்கிறதா என்று. அதிகமாக உற்பத்தி செய்தால் பாதி வேகம் உள்ள நொதியும் முழு நொதிபோல் நடந்துகொள்ளும், ஒரு நகல் குறைந்தாலே நோய் வரும் மரபணுவில் அந்தத் தவறான நிம்மதியை யாருக்கும் எழுதிக் கொடுக்கக் கூடாது. அறிக்கையில் எந்தச் சோதனையில் எத்தனை சதவீதம் செயல் மிஞ்சியது, எதைச் சோதிக்கவில்லை என்று தனித்தனியாக எழுதி, இயல்பான நொதியின் எண்களையும் செயலற்ற மியூட்டன்டின் எண்களையும் பக்கத்திலேயே வையுங்கள்.